காவல்காரனுக்கு நாலு வரி

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பேச்சு இருக்கும் இளமாறன். பாட்டு இருக்காது" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

கழுத்துக் கட்டியை எடுத்தபோது உள்ளே ஒரு நரம்பு போய்விட்டது. யார்மேலும் தப்பில்லை, கட்டி அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் இரண்டு நாண்கள் சேர்ந்து அடித்தால்தான் குரல். இளமாறனுக்கு ஒன்று அடித்தது, மற்றது செத்த மீன் மாதிரி சும்மா கிடந்தது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாயிற்று, இனிமேல் அது அசையப்போவதில்லை என்பதுதான் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த சேதி.

வெளியே பெஞ்சில் காந்தா உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"இன்னாயா சொன்னாரு?"

"வந்துடும்னாரு. கொஞ்ச நாளு ஆவுமாம்."

எதற்காகச் சொன்னான் என்றால், அவள் வாய்க்காகச் சொன்னான். காந்தா கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். புருஷனை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போன அன்றைக்கு, இவன் மறுபடி பாடுகிற வரைக்கும் மீனை வாயில் வைக்க மாட்டேன் என்று எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டாள். மீனவக் குப்பத்தில் பிறந்தவள் மீன் இல்லாமல் சோறு சாப்பிடுவது என்றால் சாதாரணமா? நாள் முழுக்க வஞ்சிரமும் சங்கராவும் வெட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு சிரித்தபடி சாப்பிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், அம்மன் கைவிட்டுவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் அவன் பொய் சொன்னான். சொன்ன பொய்க்கு ஒரு பாட்டாவது தேடியாக வேண்டும் என்ற நிலைமை அன்றைக்கே வந்துவிட்டது.

அவர்கள் கல்யாணமே பாட்டால் நடந்ததுதான். கோவளத்துக்குத் தெற்கே இருக்கிற குப்பத்தில் கோயில் திருவிழாவுக்கு இளமாறன் பாட ஏறினால், வலை பின்னிக்கொண்டிருக்கிற கிழவர்கள்கூடக் கையை நிறுத்துவார்கள். காந்தாவின் அண்ணன் துலுக்காணம்தான் முதலில் மயங்கியவன். "இந்தத் தொண்டைக்கு என் தங்கச்சியக் குடுக்குறேன்" என்று அவனே வந்து பேசி முடித்தான். கடல் வேலை ஒத்துவராமல் இளமாறன் திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலைக்குப் போய், கூடுவாஞ்சேரியில் குடியேறிய பிறகும், துலுக்காணத்துக்கு மச்சான் என்றால் பாட்டு, பாட்டு என்றால் மச்சான்.

கூடுவாஞ்சேரியில் பாட்டுக்கு ஒரு வழியும் இருந்தது. அந்த வழியின் பெயர் ஏகநாதன். பூர்வீகமாக நிலபுலன் வைத்திருந்த குடும்பம். வயலெல்லாம் மனையாகிப் போன பிறகு ஒரு கல்யாண மண்டபமும், நிறைய ஓய்வும், நாடகம் எழுதுகிற வியாதியும் அவருக்கு மிச்சம். காணும் பொங்கலன்றைக்கு மண்டபத்தை ஒட்டிய திடலில் மேடை போட்டு, தானே எழுதிய இசை நாடகத்தை நடத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு எழுத்து வராதே தவிர ஆள் பிடிக்கத் தெரியும். பாட்டுக்கு இசையமைக்க ஊரப்பாக்கத்துப் பையன் முகிலனைப் பிடித்தார். பாட இளமாறனைப் பிடித்தார்.

இந்த வருடத்து நாடகம் 'உப்பங்கழிக் கோட்டை'. கழிமுகத்தை அடைத்துக் கோட்டை கட்டிய ஒரு ராஜா, அவன் மகளைக் காதலிக்கிற படகோட்டி, நடுவில் குட்டையைக் குழப்புகிற மந்திரி. கடைசியில் ஒரு காவல்காரன் கோட்டைக் கதவைத் திறந்துவிட, கடல் உள்ளே வந்துவிடும். முகிலன் பாட்டுகளைப் போன வருடமே, கட்டி தெரிவதற்கு முன்பே, போட்டு முடித்திருந்தான். மற்ற நடிகர்கள் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, எல்லாப் பாத்திரத்தின் பாட்டையும் தன் அறையில் இளமாறனையே பாட வைத்துப் பதிவு செய்து, ஆளுக்கு ஆள் போனில் அனுப்பியும் விட்டான்.

அதனால் ஒத்திகை தொடங்கிய அன்று, மண்டபத்து மாடியில் ஏறிய இளமாறனுக்கு ஒரு கொடுமை காத்திருந்தது. மூலைக்கு மூலை அவன் குரல். ராஜா வேஷக்காரன் தினகரனின் போனில் அவன் ராஜாவாகப் பாடிக்கொண்டிருந்தான். மந்திரியாக நடிக்கிற லோகநாதனின் காதுக்குள் மந்திரியாகப் பாடிக்கொண்டிருந்தான். படகோட்டியாக நடிக்க வேண்டியவன் மட்டும் வாசலில் ஊமையாக நின்றான்.

படகோட்டிக்கு ஐந்து பாட்டு. 'அலையே ஏத்து, அக்கரை சேத்து' என்று முதல் பாட்டு தொடங்கும்போதே மேலே ஏறும். இளமாறன் வாயைத் திறந்தான். 'அலையே' வந்தது. 'ஏத்து' என்ற இடத்தில் ஓட்டை டயரில் காற்று போகிற சத்தம்தான் வந்தது. இளவரசியாக நடிக்கிற தேவதர்ஷினி, நல்ல பெண், சட்டென்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "ஆபரேஷன் ஆன தொண்டைல்ல, டைம் குடுங்க அங்கிள்" என்றாள்.

அன்றைக்கே ஏகநாதனைத் தனியாகக் கூப்பிட்டு இளமாறன் கேட்டான். "சார், வயசு ஆயிடுச்சு. லவ் பண்ற வேஷம் நமக்கு இன்னாத்துக்கு? தினகரன் படகோட்டி பண்ணட்டும். நான் ராஜா பண்றேன்."

"ராஜாவுக்கு ரெண்டே பாட்டுப்பா மாறா."

"ரெண்டு போதும் சார்."

அதற்குப் பிறகு அவனுக்கு வேறு வேலையே இல்லை. பட்டறை விட்டதும் தாம்பரம் வந்து ரயிலேறி, கதவோரம் நின்றுகொண்டு, ரயில் போடுகிற சத்தத்துக்குள் தன் குரலை ஒளித்துவைத்துப் பாடிப் பார்ப்பான். பெருங்களத்தூர் வருவதற்குள் ராஜாவின் பாட்டு. வண்டலூர் தாண்டினால் மந்திரியின் பாட்டு. இதுவரைக்கும் அவன் பாட்டைப் பாட்டாகத்தான் பார்த்திருக்கிறான். எந்தப் பாத்திரத்துக்கு எப்படிப்பட்ட பாட்டு என்று பிரித்துப் பார்க்கிற அவசியம் நல்ல தொண்டைக்காரனுக்குக் கிடையாது. இப்போது ஒவ்வொன்றையும் விலை கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தான்: நீ என்னிடம் என்ன கேட்கிறாய், என்னிடம் என்ன இருக்கிறது?

படகோட்டியின் பாட்டுகள் எல்லாம் ஏறுகிற பாட்டுகள். ஆசைப்படுகிறவன் பாட்டு தரையில் நிற்காது. ராஜாவின் பாட்டு அப்படியில்லை. அது ஏறவே ஏறாது, 'என் கோட்டை என் கொடி' என்று கீழேயே கம்பீரமாக நடக்கும். ஆனால் 'கொடி'யில் ஒரு நீட்டல் வைத்திருந்தான் முகிலன். ராஜா பிடித்ததை விடமாட்டான் என்று காட்ட, அந்தச் சுரத்தை மூச்சடக்கி நிறுத்த வேண்டும். இளமாறனுக்கு மூச்சு நிற்கவில்லை. நாண்கள் சேராத இடைவெளி வழியாக அது ஒழுகிப் போயிற்று. பிடித்ததையெல்லாம் விடுகிற ராஜாவை யார் நம்புவார்கள்?

மந்திரியின் பாட்டுக்கு ஏற்றமும் கிடையாது, நீட்டலும் கிடையாது. 'கேட்டதைச் சொல்லாதே, சொன்னதைக் கேட்காதே' என்று பேச்சு மாதிரி ஓடும். இதுதான் நமக்கு என்று நினைத்தான். லோகநாதனிடம் கெஞ்சி வேஷத்தை மாற்றிக்கொண்டான். லோகநாதனுக்கென்ன, ராஜா கிரீடம் கிடைத்த சந்தோஷம். ஆனால் பொய் பேசுகிறவன் மூச்சு வாங்காமல் பேசியாக வேண்டும், நிறுத்தினால் மாட்டிக்கொள்வான். முகிலன் அதைப் புரிந்து போட்டிருந்த பாட்டு அது. நான்கு சொல்லுக்கு ஒருமுறை இளமாறன் மூச்சு வாங்கினான். ஒத்திகையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரிய மனசுக்காரர்கள்.

மிச்சம் இருந்தது காவல்காரன். அந்த வேஷம் போட்டிருந்த பையனுக்கு மந்திரியைக் கொடுத்துவிட்டு இளமாறன் வாசலுக்கு வந்தான்.

காவல்காரனுக்கு நாடகம் முழுக்க ஒரே பாட்டு, நாலே வரி. கதவைத் திறந்துவிடுவதற்கு முன்னால், தனியாக நின்று பாடுவான்.

வந்தவங்க உள்ள போனாங்க
போனவங்க பேர மறந்தாங்க
நின்னவன நிக்கச் சொன்னாங்க
நெலவு மட்டும் எம்பேரு கேட்டுச்சு

வரிக்கு வரி ஒரு இடைவெளி. யாரும் அவனை அவசரப்படுத்தப் போவதில்லை. பேச்சை விடக் கொஞ்சம் மேலே, பாட்டை விடக் கொஞ்சம் கீழே. ஐந்து பாட்டுப் பாடுகிற படகோட்டியை விட, இந்த நாலு வரிக்காரன்தான் நாடகத்தின் முதுகெலும்பு என்று இளமாறனுக்குப் பட்டது. போன வருடம் முகிலன் அறையில் பாடியபோது இது அவனுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு இதைக் கடைசியாக, டீ ஆறுவதற்குள், அலட்சியமாகப் பாடித் தள்ளியிருந்தான்.

வீட்டில் காந்தா விடவில்லை. "இன்னாயா, ஹீரோன்ன. அப்பால ராஜான்ன. இப்போ வாச காவக்காரனா? இன்னா நடக்குது அங்க?"

"மாத்திட்டாங்க" என்றான் இளமாறன்.

மாற்றச் சொன்னதே அவன் என்பதைச் சொல்லவில்லை. தொண்டை சரியாகிக்கொண்டிருக்கிறது என்ற சேதியோடு, அந்த ஒரு வார்த்தையும் காந்தா வழியாகக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. துலுக்காணத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க வேண்டுமா? நிலம் வைத்திருக்கிறவர் ஊர் நாடகத்தில், மீன்காரர் வீட்டுப் பிள்ளையைப் படிப்படியாக இறக்கி வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவன் ஒன்றும் கத்தவில்லை. "நாடகத்தன்னிக்கி நாங்க வர்றோம்" என்று மட்டும் தங்கையிடம் சொல்லி அனுப்பினான்.

இதற்குள் நாலு வரியும் இளமாறனைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. மூன்று வரிகள் எப்படியோ வந்தன. நாலாவதில் 'நெலவு' என்ற சொல்லில் ஒரே ஒரு ஏற்றம். வாழ்நாளில் ஒருமுறை நிமிர்கிறவனுக்கு அது வேண்டும் என்று முகிலன் வைத்த ஏற்றம். முகிலன் சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தான். 'நெலவு' எட்டவில்லை. இன்னும் இறக்கினான். இப்போது மற்ற மூன்று வரிகளும் அடியில் போய் மறைந்தன. இறக்குவதற்கும் ஓர் அடித்தளம் உண்டல்லவா.

முகிலன் கீபோர்டை மூடிவிட்டு எழுந்து வந்தான். "அண்ணா, உண்மையச் சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னார்?"

உலகத்தில் அவனிடம் மட்டும்தான் இளமாறன் சொன்னான். காந்தாவின் நேர்த்திக்கடனையும் சேர்த்துச் சொன்னான். முகிலன் திரும்பிப் போய் லேப்டாப்பைத் திறந்தான். பிறகு, "உங்க பாட்டு என் லேப்டாப்ல அப்படியே இருக்குண்ணா. போன வருஷம் பாடினது. நான் அதைப் போடறேன். நீங்க நின்னு வாயசைச்சா போதும். திருட்டு இல்ல, உங்க குரல்தானே?" என்றான்.

உங்க குரல்தானே. இளமாறன் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். காந்தா கேட்பாள், நேர்த்திக்கடன் தீரும், அன்றைக்கு அவள் மீன் சாப்பிடுவாள். பிறகு, நாடகத்தில் கத்திப் பாடியதால் தொண்டை மறுபடி கெட்டுவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஒரே ஒரு பாட்டு அவளுக்குக் கிடைத்தால் போதும். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றான்.

காணும் பொங்கலன்று வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலிருந்து திரும்புகிற கூட்டத்தில் ஜி.எஸ்.டி ரோடு திணறியது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் திடல் நிறைந்துவிட்டது. திரை இடுக்கு வழியாக இளமாறன் பார்த்தான். மூன்றாவது வரிசையில் காந்தா, புதுப் புடவை, தலை நிறையப் பூ. அவளுக்குப் பின்னால் ஒரு டெம்போ நிறைய வந்திறங்கிய குப்பத்து ஜனம். துலுக்காணம் உட்காரவே இல்லை. வரிசை வரிசையாகப் போய்ப் பையன்களிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இளமாறன் மீசையை ஒட்டப் போனான்.

தினகரன் படகோட்டியாக நன்றாகவே பாடினான். லோகநாதன் 'கொடி'யை நீட்டியபோது கைதட்டல் விழுந்தது. இளமாறன் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்று, தன்னிடமிருந்து ஒவ்வொன்றாகப் போன பாட்டுகள் தன் முன்னாலேயே போவதைப் பார்த்தான். பொறாமை இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஈட்டிக் கட்டையில் விரலால் தாளம் போட்டான்.

அவன் முறை வந்தது. மற்ற விளக்குகள் அணைந்தன. அவன் மேல் மட்டும் ஒரு வெளிச்சம். முகிலன் விசையைத் தட்டினான்.

'வந்தவங்க உள்ள போனாங்க...'

திடல் அடங்கிப்போயிற்று. அந்தக் குரல் அப்படி. இளமாறன் உதட்டை அசைத்தான். அலட்சியமாகப் பாடியது என்று அவன் நினைத்திருந்த பாட்டில் எவ்வளவு தெம்பு இருந்தது! நோய் தெரியாத ஒருவன், நாளைக்கும் குரல் இருக்கும் என்று நம்பிப் பாடியது. அவனுக்குப் பக்கத்தில், அவனை விட நல்லவனாக, அந்தப் பழைய இளமாறன் நின்று பாடினான். 'நெலவு' என்று அது ஏறியபோது அவன் உதடு ஒரு கணம் பின்தங்கியது.

காந்தா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். அம்மனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள். இதற்காகத்தானே எல்லாம் என்று இளமாறன் நினைத்தான்.

பாட்டு முடிந்தது. அப்போதுதான் குப்பத்து ஜனம் மொத்தமாக எழுந்தது.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

பையன்கள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். விசில் பறந்தது. அது பாட்டுக்காக வந்த கூச்சல் மட்டுமல்ல, நாலு நாளாகச் சொல்லிவைத்துக் கூட்டிவந்த கூச்சல். எங்கள் ஆளை வாசலில் நிறுத்தினீர்களே, இப்போது யார் பாட்டை ஊர் கேட்கிறது பாருங்கள் என்ற கூச்சல். நாடகமே தெரியாதவர்களும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். முகிலன் அவசரமாக லேப்டாப்பில் பாட்டை மறுபடி முதலுக்குக் கொண்டுபோகத் தேடிக்கொண்டிருந்தபோதே, துலுக்காணம் கையில் ஒரு பொன்னாடையோடு மேடையில் ஏறிவிட்டான். அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"தம்பி, மீஜிக்கெல்லாம் வோணாம், நிறுத்து. எங்க மச்சானுக்குத் தொண்ட ஒண்ணு போதும்."

பொன்னாடையைப் போர்த்தினான். மைக்கை இளமாறன் கையில் திணித்தான்.

"மச்சான், சும்மா வுடு. எல்லாம் கேக்கட்டும்."

"வோணாம் மச்சான்" என்றான் இளமாறன், காதோரமாக.

"இன்னா வோணாம்? உன்ன கீழ எறக்கி வுட்டானுங்களே, அதுக்குத்தான் வந்துகீறோம். பாடு."

விளக்கம் சொல்ல அது இடமா? ஏகநாதன் திரைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். திடல் மறுபடி அமைதியானது. இத்தனை ஜனம் ஒருவனுக்காக வாயை மூடிக்கொள்வதைப் போல் ஒரு மரியாதை கிடையாது. இளமாறனுக்கு அது தெரியும், அதை வாங்கியே வளர்ந்தவன் அவன். காந்தா கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. ஒருவேளை வந்துவிடுமோ என்று, டாக்டர் சொன்னதையும் மீறி, கடைசியாக ஒருமுறை அவனுக்கே ஓர் ஆசை வந்தது. அந்த ஆசையை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மைக்கை வாயருகே கொண்டுபோனான். பாடினான்.

காற்று வந்தது. காற்றுக்கு நடுவே, எங்கோ அடியில், கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். 'வந்தவங்க' என்ற சொல்லின் பாதி. அவ்வளவுதான். அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, முன் வரிசையில் யாரோ ஒரு குழந்தை சிரித்தது.

துலுக்காணத்துக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சட்டென்று மைக்கைப் பிடுங்கினான்.

"இன்னாடா மைக்கு செட்டு இது! பாட்டு நல்லா கீதுன்னு பொறாமைல ஆஃப் பண்ணிட்டீங்களா? பேஜார் பண்றீங்க! எங்காளு பாட சொல்லோ..."

அவன் குரல் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் இடியாக விழுந்தது. திடலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். மைக்குக்கு ஒரு குறையும் இல்லை. அது துலுக்காணத்துக்கே கேட்டது. சொல் பாதியில் நின்றது. மைக்கைப் பார்த்தான். பிறகு மச்சான் முகத்தைப் பார்த்தான்.

"மச்சான்" என்றான், மைக் இல்லாமல், மெல்ல.

யாரும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குப்பத்து ஜனம் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஏகநாதன் திரையை இழுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

காந்தா கையை இறக்கிவிட்டிருந்தாள். முதலில் அவள், லேப்டாப் முன்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த முகிலனைப் பார்த்தாள். சற்றுமுன் கேட்ட பாட்டு எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு இளமாறனைப் பார்த்தாள். குரல் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தன்னிடம் சொல்லாமல், தன்னைக் கும்பிட வைத்து ஏமாற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"காந்தா" என்று இளமாறன் கூப்பிட்டான். கூப்பிட்டது மேடையின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை.

இரண்டு பக்கமிருந்தும் திரை வந்துகொண்டிருந்தது. அது மூடுவதற்குள், அவள் எழுந்து, வரிசையில் இருந்த கால்களை விலக்கச் சொல்லி, திடலை விட்டு வெளியே நடப்பதை அவன் பார்த்தான்.